மூளை எம்ஆர்ஐ சிமுலேஷன்: எந்தக் கேள்விக்கு எந்த மென்பொருள்?

ஸ்கேனர் இல்லாமல் கணினியிலேயே ஸ்கேன் படத்தைக் கணக்கிட்டுத் தரும் சிமுலேட்டர் தேடுகிறவர்கள் வழக்கமாக முதலில் விசாரிப்பது எது வேகம், எது இலவசம், எது ஜிபியுவில் (வரைகலைச் சில்லில்) ஓடும் என்பதைத்தான். இவை இரண்டாம் சுற்றுக் கேள்விகள். எந்த எம்ஆர்ஐ சிமுலேட்டரும் இயற்பியலில் ஏதோ ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஓடுகிறது. ஒன்று, திசுவைத் தூண்டும் ரேடியோ அலைத் துடிப்பான ஆர்எஃப் பல்ஸின் வடிவத்தை விட்டுவிடும். இன்னொன்று காந்தப்புலத்தின் சீரின்மையைக் கண்டுகொள்ளாது. வேறொன்று ஒரு வாக்சலுக்குள் (முப்பரிமாணப் பிக்ஸலுக்குள்) ஸ்பின்கள், அதாவது சிக்னல் தரும் அணுக்கருக்கள், சுழற்சியில் ஒன்றுக்கொன்று முந்தியும் பிந்தியும் விலகிப் போவதையே பார்க்காது. விடுபட்ட பகுதி உங்கள் கேள்விக்குத் தேவையில்லை என்றால் பிரச்சினை இல்லை. தேவை என்றால் படம் அழகாக வரும், முடிவு தப்பாக இருக்கும். மென்பொருள் அதைச் சொல்லவும் சொல்லாது.

அதனால் இந்த ஒப்பீட்டில் ஒவ்வொரு மென்பொருளிலும் முதலில் பார்ப்பது அது எதை விட்டுவிடுகிறது என்பதை. எடுத்துக்கொண்டவை: பிரெயின்வெப், பாஸம், ஜெம்ரிஸ், எம்ஆர்ஐலேப், கோமாஎம்ஆர்ஐ, எம்ஆர்-ஜீரோ. இயற்பியலே இல்லாமல் செயற்கை மூளைப் படம் தயாரிக்கும் சின்த்செக் பற்றியும் கொஞ்சம்.

பிரெயின்வெப்: சிமுலேட்டர் தேவையே இல்லாதவர்களுக்கு

மூளையைத் திசுவாரியாகப் பிரிக்கும் அல்காரிதத்தைச் சோதிக்க வேண்டும், சரியான விடை கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றால் எதையும் நிறுவ வேண்டாம். மொன்றியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் நிறுவனம் 1990களின் பிற்பகுதியிலிருந்து தரும் பிரெயின்வெப் தரவுத்தொகுப்பு போதும். டி1 (தூண்டிய பிறகு காந்தமாக்கல் மீளும் நேரம்), டி2 (சிக்னல் தேயும் நேரம்), புரோட்டான் அடர்த்தி என இவற்றில் ஒவ்வொன்றை முன்னிறுத்தும் மூன்று வகைப் படங்கள். துண்டின் தடிமன் 1, 3, 5, 7, 9 மி.மீ.; இரைச்சல் 0, 1, 3, 5, 7, 9%; ஒளிர்வுச் சீரின்மை 0, 20, 40%. இயல்பான மூளையும் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் புண்கள் உள்ள மூளையும் உண்டு. 1 மி.மீ. தடிமனில் ஒரு முழுப் படம் 181 × 217 × 181 வாக்சல், அதாவது சுமார் 71 லட்சம். அதில் வெண்பொருள், சாம்பல்பொருள், மூளைத் தண்டுவடத் திரவம் மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 19.5 லட்சம்.

எண்களின் பொருளைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள். 3% இரைச்சல் என்பது படத்தின் சராசரியில் 3% அல்ல; ஒரு மேற்கோள் திசுவின் சிக்னலோடு ஒப்பிட்ட திட்ட விலக்கம். 20% சீரின்மை என்றால் மூளைப் பரப்பில் பெருக்கல் காரணி 0.90 முதல் 1.10 வரை மாறுகிறது என்று பொருள். இரைச்சல் மெய், கற்பனைப் பகுதிகள் இரண்டிலும் சேர்க்கப்பட்டு, பிறகு பருமன் (மேக்னிட்யூட்) மட்டும் எடுக்கப்படுவதால் திசுவுக்குள் ரைசியன் பரவலும் பின்னணியில் ரேலே பரவலும் வரும். பின்னணியில் அளந்த திட்ட விலக்கத்தை அப்படியே இரைச்சல் என்று எடுத்துக்கொண்டால் உண்மையில் மூன்றில் இரண்டு பங்கு அளவே கிடைக்கும், அதை 0.655-ஆல் வகுக்க வேண்டும்.

இதில் இரண்டு பொறிகள். முதலாவது, அந்த இயல்பான மூளை ஒரே நபருடையது. அவரை 27 முறை ஸ்கேன் எடுத்துச் சராசரியாக்கித்தான் அந்த மாதிரி உருவானது. ஐந்து தடிமன், ஆறு இரைச்சல், மூன்று சீரின்மை என்று 90 சேர்க்கைகளில் ஓடவிட்டு "90 படங்களில் சோதித்தோம்" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது 90 படம்தான், ஆனால் ஒரு மூளை. உடற்கூறு வேறுபாடு வேண்டுமென்றால் அதே தளத்தில் 20 வெவ்வேறு நபர்களின் மாதிரிகளும் கிடைக்கின்றன, அவற்றை எடுங்கள்.

இரண்டாவது பொறி இன்னும் மோசம். பிரெயின்வெப் தருவது சிக்னலின் பருமனை மட்டும் காட்டும் படம். ஸ்கேனர் பதியும் மூலத் தரவான கே-ஸ்பேஸ் அல்ல. அந்தப் படத்தை ஃபூரியே மாற்றம் செய்து "இதோ கே-ஸ்பேஸ்" என்று வைத்துக்கொண்டு அதிலிருந்து படத்தை உருவாக்கும் மறுகட்டமைப்பு அல்காரிதத்தைச் சோதிக்கக் கூடாது. ஃபேஸ் (ஸ்பின்களின் சுழற்சிக் கோணம்) இல்லாத மெய் எண் படத்தின் கே-ஸ்பேஸில் ஒரு பாதி மறுபாதியின் கண்ணாடி பிம்பம். பாதித் தரவை மட்டும் எடுத்து மீட்கும் எந்த முறையும் அதில் அபாரமாக வேலை செய்யும். நிஜ ஸ்கேனரில் ஃபேஸ் உண்டு, சமச்சீர் இல்லை, அதே முறை அங்கே தடுமாறும். மறுகட்டமைப்புதான் உங்கள் வேலை என்றால் பிரெயின்வெப்பின் திசு வரைபடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கீழே வரும் சிமுலேட்டர்களில் ஒன்றுக்குள் போடுங்கள்.

திசு எண்கள்: மென்பொருளைவிட முக்கியமானது

எந்தச் சிமுலேட்டரை எடுத்தாலும் உள்ளே போகும் டி1, டி2 மதிப்புகள்தான் படத்தின் சாயலைத் தீர்மானிக்கின்றன. 1.5 டெஸ்லாவுக்குப் பரவலாகப் புழங்குவது பிரெயின்வெப்பின் அட்டவணை: வெண்பொருளுக்கு டி1 500 மி.செ., டி2 70, புரோட்டான் அடர்த்தி 0.77, சாம்பல்பொருளுக்கு 833, 83, 0.86, மூளைத் தண்டுவடத் திரவத்துக்கு 2569, 329, 1.

இந்தத் திரவத்தின் எண், திரவத்தைக் கறுப்பாக்கும் ஃப்ளேர் சீக்வன்ஸை (பல்ஸ் வரிசையை) சிமுலேட் செய்கிறவர்களின் காலை வாரும். திரவத்தின் நிஜ டி1 நான்கு நொடிக்கும் மேலே. அதை 4300 மி.செ. என்று வைத்தால், டிஆர் (அடுத்தடுத்த தூண்டல்களுக்கிடையே உள்ள நேரம்) 9000 மி.செ. இருக்கும்போது திரவத்தின் சிக்னல் பூஜ்யமாகும் இன்வர்ஷன் நேரம் (காந்தமாக்கலைத் தலைகீழாக்கிய பிறகு காத்திருக்கும் நேரம்) சுமார் 2480 மி.செ. ஸ்கேன் மையங்களின் புரோட்டோகாலில் 2400-க்குப் பக்கமாக இருப்பது இதனால்தான். 2569 மி.செ. என்ற மதிப்போடு கணக்குப் போட்டால் பூஜ்யப் புள்ளி 1704 மி.செ.-க்கு இறங்கிவிடும். புரோட்டோகாலில் உள்ள 2400-ஐ அப்படியே போட்டால் திரவத்தில் 24% காந்தமாக்கல் மீண்டு வந்திருக்கும்; வென்ட்ரிக்கிள்கள் (மூளைக்குள் உள்ள திரவ அறைகள்) கறுப்பாக வேண்டிய இடத்தில் வெளிறித் தெரியும். உடனே இன்வர்ஷன் பல்ஸைச் சந்தேகிக்கத் தோன்றும். பல்ஸ் சரியாகவே இருக்கிறது. திரவத்தின் டி1-ஐ மாற்றுங்கள்.

3 டெஸ்லாவுக்குப் போனால் இன்னொரு குழப்பம். 1999-இல் வெளியான ஓர் அளவீட்டில் வெண்பொருளின் டி1 832, சாம்பல்பொருளுக்கு 1331. 2005-இல் வெளியான மற்றொன்றில் அவை 1084, 1820. இரண்டுமே பரவலாக மேற்கோள் காட்டப்படுபவை. அளக்கும் முறை வேறு, எதன்மேல் அளந்தார்கள் என்பதும் வேறு. எதை எடுத்தாலும் இரண்டு திசுக்களுக்கும் ஒரே மூலத்திலிருந்து எடுங்கள். வெண்பொருளுக்கு ஒன்றிலிருந்தும் சாம்பல்பொருளுக்கு மற்றொன்றிலிருந்தும் கலந்துவிட்டால் வருகிற கான்ட்ராஸ்ட் எந்த மூளையிலும் இல்லாத கான்ட்ராஸ்ட்.

ஒரு வாக்சலுக்கு எத்தனை ஸ்பின்?

மென்பொருள் தேர்வு உண்மையில் பிரியும் இடம் இதுதான்.

ஜெம்ரிஸ், எம்ஆர்ஐலேப், கோமா, பாஸம் எல்லாமே மூளையைப் புள்ளிகளாக வெட்டி, ஒவ்வொரு புள்ளிக்கும், காந்தமாக்கல் எப்படி மாறுகிறது என்று சொல்லும் பிளாக் சமன்பாட்டைத் தீர்க்கின்றன. அந்தப் புள்ளிக்கு ஐசோகுரோமாட் என்று பெயர். மாதிரி மூளையில் ஒரு வாக்சலுக்கு ஒரு புள்ளி என்பதுதான் பெரும்பாலும் தயாராகக் கிடைப்பது. கிரேடியன்ட் (இடத்துக்கு இடம் மாறும் காந்தப்புலம்) கொண்டு சிக்னலைச் சிதறடிக்கும் ஸ்பாய்லரும் கிரஷரும் இங்கேதான் பொய்யாகின்றன.

கணக்கு எளிது. ஒரு மீட்டருக்கு 20 மில்லிடெஸ்லா கிரேடியன்ட்டை 3 மி.செ. போட்டால், புரோட்டானுக்கு டெஸ்லாவுக்கு 42.58 மெகாஹெர்ட்ஸ் என்ற விகிதத்தில், மில்லிமீட்டருக்கு சுமார் 2.55 சுற்று ஃபேஸ் சேரும். நிஜ மூளையில் ஒரு மில்லிமீட்டருக்குள் ஸ்பின்கள் தொடர்ச்சியாக நிறைந்திருப்பதால் அந்த இரண்டரைச் சுற்றில் அவற்றின் சிக்னல் ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்ளும். சிமுலேட்டரில் மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளிதான் என்றால் வாக்சலுக்குள் அழித்துக்கொள்ள அங்கே யாரும் இல்லை. பக்கத்துப் புள்ளிகளுக்கிடையே ஃபேஸ் முழுச் சுற்றுகளாக அமைந்துவிட்டால், உதாரணமாக கிரேடியன்ட்டைக் கொஞ்சம் கூட்டி மில்லிமீட்டருக்குச் சரியாக 3 சுற்று ஆக்கினால், எல்லாப் புள்ளிகளும் மறுபடி ஒரே திசையில் நின்று முழு சிக்னல் திரும்பிவிடும். ஸ்பாய்லர் போட்ட இடத்தில் எக்கோ (மீண்டெழும் சிக்னல்) பிறக்கும். படத்தில் அது கோடுகளாகவோ மூளையின் நிழல் பிரதியாகவோ தெரியும்; பல பேர் அதை மறுகட்டமைப்புப் பிழை என்று நினைத்து வாரக்கணக்கில் தேடுவார்கள்.

பக்கத்துப் புள்ளிகளுக்கிடையே அரைச் சுற்றுக்குமேல் போகக் கூடாது என்று வைத்தால் மேற்சொன்ன ஸ்பாய்லருக்குப் புள்ளி இடைவெளி 0.2 மி.மீ.-க்குக் கீழே இருக்க வேண்டும். மூன்று திசையிலும் என்றால் ஒரு கன மில்லிமீட்டருக்கு 125 புள்ளி, 19.5 லட்சம் வாக்சலுக்கு சுமார் 24 கோடி. புள்ளிக்கு எட்டு எண்கள், ஒற்றைத் துல்லியத்தில் 32 பைட் என்றாலே 8 ஜிபி நினைவகம் மாதிரி மூளைக்கு மட்டும் போய்விடும். நடைமுறையில் எல்லாத் திசையிலும் பெருக்க வேண்டாம். ஸ்பாய்லர் எந்த அச்சில் இருக்கிறதோ அந்த அச்சில் மட்டும் ஐந்து மடங்கு பிரித்தால் பெரும்பாலும் போதும். பிரிக்கும்போது புள்ளிகளை ஒழுங்கான கட்டத்தில் வைக்காமல் லேசாகக் குலைத்து வைத்தால் முழு எக்கோ திரும்பும் விபத்து நேராது. அது கொஞ்சம் இரைச்சலாகக் கரைந்துவிடும். இரைச்சல் கண்ணில் படும். போலி எக்கோ நிஜம்போல வேடம் போடும். எனவே முன்னது மேல்.

ஸ்பாய்லரே போடாமல் விட்டால் என்ன என்றும் கேட்கலாம். டிஆர் 500 மி.செ. உள்ள ஸ்பின் எக்கோ சீக்வன்ஸில் வெண்பொருளுக்கு ஒன்றும் ஆகாது. டி2 70 தானே. ஆனால் டி2 329 மி.செ. உள்ள திரவத்தில் 500 மி.செ. கழிந்த பிறகும், சிக்னல் தரும் குறுக்குக் காந்தமாக்கலில் 22% மிச்சமிருக்கும். அது அடுத்த பல்ஸில் கலந்து வென்ட்ரிக்கிள்களின் ஒளிர்வை ஏற்றி இறக்கும்.

இனி மென்பொருள்கள்

எர்லாங்கனிலிருந்து வரும் எம்ஆர்-ஜீரோ மேலே சொன்ன தலைவலியை வேறு வழியில் தீர்க்கிறது. புள்ளிகளை எண்ணுவதற்குப் பதில், ஒரு வாக்சலுக்குள் ஃபேஸ் எப்படிப் பரவியிருக்கிறது என்பதையே நிலைகளாகப் பிடித்து, ஒவ்வொரு பல்ஸிலும் அவை எப்படிக் கிளைக்கின்றன என்று பின்தொடர்கிறது. நீட்டித்த ஃபேஸ் வரைபட முறையின் வளர்ச்சி இது. ஸ்பாய்லர் ஸ்பாய்லராகவே நடந்துகொள்ளும். கோடிப் புள்ளிகள் வேண்டாம். சிறிய நிலைகளை வெட்டிவிட ஒரு வரம்பு உண்டு. அதைத் தளர்த்தினால் வேகம், இறுக்கினால் துல்லியம். பைடார்ச் நூலகத்தின் மேல் கட்டியிருப்பதால் சிக்னலை ஃபிளிப் கோணம் (பல்ஸ் ஸ்பின்களைச் சாய்க்கும் அளவு), கிரேடியன்ட் போன்றவற்றின்படி வகையிடலாம் (டெரிவேட்டிவ் எடுக்கலாம்). சீக்வன்ஸைத் தானாகச் செம்மைப்படுத்த விரும்புகிறவர்களுக்கு இதற்கு இணை குறைவு. கூகுள் கோலேபில் தயாராக உள்ள நோட்புக்குகளில் ஓடுவதால் கையில் ஜிபியு இல்லாத மாணவர்களுக்கும் கிட்டும்.

அது விட்டுவிடுவது: ஆர்எஃப் பல்ஸை ஒரு நொடிப்பொழுதில் நடந்து முடிந்துவிடும் சுழற்சியாக எடுத்துக்கொள்கிறது. துண்டின் விளிம்பு எப்படிச் சரிகிறது, பல்ஸ் ஓடும் நேரத்தில் ஆஃப்-ரெசொனன்ஸ் (அதிர்வெண் விலகல்) என்ன செய்கிறது, கொழுப்பை மட்டும் அடக்கும் பல்ஸ் எவ்வளவு தூரம் வேலை செய்கிறது என்பவை உங்கள் கேள்வியானால் இது ஆளல்ல.

அந்தக் கேள்விகளுக்கு கோமாஎம்ஆர்ஐ. சிலியின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, ஜூலியா மொழியில் எழுதப்பட்டது, இலவசம். ஆர்எஃப் பல்ஸை உண்மையான நேர வடிவத்தில் பிரித்துத் தீர்க்கிறது. என்விடியா ஜிபியுவில் மட்டுமல்லாமல் ஏஎம்டி, இன்டெல், ஆப்பிள் சில்லுகளிலும் ஓடும். நிறுவுவது ஜூலியாவுக்குள் ஒரே கட்டளை. வரைகலை முகப்பும் உண்டு. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இன்றைய நிலையில் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்.

ஆனால் அதன் இயல்புநிலை அமைப்புகளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். உள்ளே வரும் இருபரிமாண மூளை 0.5 மி.மீ. வரைபடத்தில் நாலுக்கு ஒன்று என்று புள்ளி எடுக்கிறது. அதாவது இடைவெளி 2 மி.மீ. முந்தைய பகுதியின் கணக்குப்படி சுமாரான எந்த ஸ்பாய்லருக்கும் இது போதாது. ஆர்எஃப் நேர இடைவெளியும் இயல்புநிலையில் 50 மைக்ரோசெகண்ட், 1 மி.செ. நீள சிங்க் பல்ஸ் 20 துண்டுகளில்தான் வரையப்படும். துண்டுத் தேர்வின் விளிம்பைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் 5 அல்லது 10-க்கு இறக்குங்கள்.

ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தில் உருவான ஜெம்ரிஸ் மூத்தது. அதன் முதன்மைக் கட்டுரை 2010-இல் வந்தது. சி++ மொழி, பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் எம்பிஐ, பிளாக் சமன்பாட்டுக்குத் தானாக நேரப்படியைச் சுருக்கி விரிக்கும் தீர்வி. மெதுவாக ஓடும், ஜிபியு கிடையாது. ஆனால் பல சேனல்களில் ஆர்எஃப் அனுப்புவது, நேரியல் அல்லாத கிரேடியன்ட் போன்ற அரிய தேவைகளுக்கு இன்னும் இதைத்தான் நாட வேண்டும். சீக்வன்ஸை எக்ஸ்எம்எல் மரமாக எழுத வேண்டும். வரைகலை முகப்புக்கு மேட்லேப் வேண்டும், கட்டளை வரியில் ஓட்ட மேட்லேப் தேவையில்லை. தினசரி வேலைக்கு இதைப் பரிந்துரைப்பது கடினம். வேறொரு சிமுலேட்டரின் விடையைச் சரிபார்க்கும் நடுவராக வைத்துக்கொள்ளலாம்: ஒரு சிறு துண்டை இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள்.

எம்ஆர்ஐலேப் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து. இதன் தனிச்சிறப்பு ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது: திசுவை ஒரே குளமாகப் பார்க்காமல், சுதந்திர நீர், மையலினோடு கட்டுண்ட நீர், பெருமூலக்கூறுகள் என்று ஒன்றோடொன்று பரிமாறிக்கொள்ளும் பல குளங்களாகப் பார்க்கிறது. காந்தமாக்கல் பரிமாற்றம் உங்கள் ஆய்வின் மையம் என்றால் முதலில் இதற்குத்தான் வர வேண்டும். இதற்குக் கொடுக்கும் விலை: மேட்லேப் உரிமம் கட்டாயம், சி மொழிப் பகுதிகளை உங்கள் கூடா (என்விடியா ஜிபியுவுக்கான நிரலாக்கத் தளம்) பதிப்புக்கு ஏற்பக் கம்பைல் செய்ய வேண்டும். இயக்கி, கூடா, மேட்லேப் மூன்றின் பதிப்பும் ஒத்துவராவிட்டால் முதல் நாள் முழுக்க அதிலேயே கழியும்.

பாஸம், ஆக்ஸ்ஃபோர்டின் எஃப்எஸ்எல் தொகுப்பைச் சேர்ந்தது. மூளையின் செயல்பாட்டைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ ஆட்களுக்கென்றே செய்யப்பட்டது. எதிரொலித் தள இமேஜிங்கில் (ஒரே தூண்டலில் ஒரு துண்டைப் படமெடுக்கும் வேக முறையில்) நேரம் ஓட ஓடத் தலை அசைவது, காற்றறைகளுக்குப் பக்கத்தில் காந்தப்புலம் கோணலாவது, செயல்பாட்டால் டி2-ஸ்டார் (புலச் சீரின்மையும் சேர்ந்த சிக்னல் தேயும் நேரம்) மாறுவது ஆகிய மூன்றையும் ஒன்றாகப் பிணைத்துத் தரும். அசைவுக் கோப்பில் ஏழு நிரல்கள்: நேரம் நொடியில், மூன்று இடப்பெயர்ச்சிகள், மூன்று சுழற்சிகள். இடப்பெயர்ச்சி மீட்டரில், சுழற்சி ரேடியனில். மில்லிமீட்டரும் டிகிரியும் போட்டுப் பழகிய கை இங்கே தவறு செய்யும், 2 மி.மீ. அசைவு 2 மீட்டராகிவிட்டால் மூளை படத்தைவிட்டே வெளியேறிவிடும். அந்தத் தவறாவது கண்ணில் படும். 1 டிகிரிக்குப் பதில் 1 ரேடியன் சுழற்சி, அதாவது 57 டிகிரி, பெரிய அசைவுபோலவே தோற்றமளிக்கும், கவனியுங்கள். ஒரு வால்யூமே மணிக்கணக்கில் ஓடலாம். நூறு வால்யூம் வேண்டுமென்றால் பல புராசஸர்களுக்குப் பிரித்துக் கொடுக்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

புலக் கோணலை விட்டுவிட்டு எதிரொலித் தள இமேஜிங்கைச் சிமுலேட் செய்தால் என்ன குறையும்? எக்கோ இடைவெளி 0.5 மி.செ., 64 வரிகள் என்றால் ஃபேஸ் திசையில் பிக்ஸலுக்கு 31.25 ஹெர்ட்ஸ். மூக்கறைகளுக்கு மேலே 100 ஹெர்ட்ஸ் விலகல் இருந்தால் அந்தப் பகுதி 3.2 பிக்ஸல் நகரும், 220 மி.மீ. பார்வைப்பரப்பில் அது 11 மி.மீ. எதிரொலித் தளத் திருத்த முறை ஒன்றைச் சோதிப்பவருக்கு இந்த 11 மி.மீ.தான் ஆய்வுப் பொருளே. கோமாவிலும் எம்ஆர்-ஜீரோவிலும் புல விலகலைக் கொடுக்க முடியும், ஆனால் வரைபடத்தை நீங்கள் தயாரித்துத் தர வேண்டும். பாஸம் காற்று, திசு எல்லையிலிருந்து அதைத் தானே கணிக்கும் கருவியோடு வருகிறது. தலை சாயும்போது புலமும் மாறும் என்பதையும் அது கணக்கில் எடுக்கும். அசைவும் கோணலும் சேர்ந்த கேள்வி என்றால் மெதுவாக ஓடினாலும் பாஸம்.

திசுவில் நீர் பரவுவதை அளக்கும் டிஃப்யூஷன் இமேஜிங் தனி உலகம். நரம்பிழைகளைப் பின்தொடரும் அல்காரிதங்களுக்கு ஹைடெல்பர்க்கின் ஃபைபர்ஃபாக்ஸ், நுண்ணமைப்புக்கு லண்டன் யுசிஎல்லின் கமினோ. 2015-இல் நடந்த நரம்பிழைத் தடப் போட்டிக்கான மூளையை ஃபைபர்ஃபாக்ஸ்தான் செய்துகொடுத்தது. 25 நரம்புக் கட்டுகள் மட்டுமே இருந்த அந்த மூளையில் 20 குழுக்களின் 96 முயற்சிகளும் இல்லாத கட்டுகளை ஏராளமாகக் கண்டுபிடித்தன. உண்மை விடை தெரிந்த சிமுலேஷன் எதற்குப் பயன்படும் என்று கேட்பவர்களுக்குக் காட்டத் தகுந்த எடுத்துக்காட்டு.

நியூரல் நெட்வொர்க்குக்குப் பயிற்சிப் படங்கள் வேண்டும் என்பவர்கள் பெரும்பாலும் பிளாக் சமன்பாட்டுப் பக்கமே வர வேண்டியதில்லை. சின்த்செக் செய்வது இவ்வளவுதான்: திசு வரைபடத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் ஏதோ ஓர் ஒளிர்வைக் குலுக்கல் முறையில் கொடுத்து, வடிவத்தை நெளித்து, சீரின்மையும் இரைச்சலும் மங்கலும் சேர்க்கிறது. எந்த ஸ்கேனரும் தராத படங்கள் அவை. அப்படிப்பட்ட படங்களில் பயின்றதால்தான் அந்த நெட்வொர்க் எந்தக் கான்ட்ராஸ்டிலும் மூளையைப் பிரிக்கிறது. திசுப் பிரிப்புக்கு இயற்பியல் துல்லியத்தைத் துரத்துவது வீண் செலவு என்பது எங்கள் கருத்து. டி1, டி2 எண்களையே கணிக்கும் நெட்வொர்க் என்றால் கதை வேறு. அங்கே சிமுலேட்டரின் ஒவ்வொரு குறையையும் நெட்வொர்க் பாடமாகக் கற்றுக்கொள்ளும்.

ஓடவிட்ட பிறகு, நம்புவதற்கு முன்

முதல் சோதனை ஒரே ஒரு புள்ளியில். ஸ்பின் எக்கோ, டிஆர் 500, டிஇ (தூண்டலிலிருந்து எக்கோ வரையான நேரம்) 14 மி.செ., மேற்சொன்ன 1.5 டெஸ்லா மதிப்புகள். பாடப்புத்தகச் சூத்திரப்படி வெண்பொருள் 0.398, சாம்பல்பொருள் 0.328, திரவம் 0.170. சரியான சிமுலேட்டர் இவற்றைவிடச் சற்றுக் குறைவாகத் தர வேண்டும்: 0.392, 0.321, 0.165. காரணம், டிஇயின் முதல் பாதியில் மீண்டெழுந்த நெடுக்குக் காந்தமாக்கலை 180 டிகிரி பல்ஸ் தலைகீழாக்கிவிடுகிறது. பாடப்புத்தகச் சூத்திரம் அதை விட்டுவிடுகிறது. உங்கள் விடை முதல் மூன்று எண்களோடு அச்சாகப் பொருந்தினால் அது பிளாக் சமன்பாட்டைத் தீர்க்கவில்லை, சூத்திரத்தைத்தான் போட்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். முதல் தூண்டலின் சிக்னலை எடுக்காதீர்கள். அது முழுக் காந்தமாக்கலில் தொடங்குவதால் கூடுதலாக இருக்கும். ஒரு வெற்று டிஆர் ஓட்டிவிட்டு இரண்டாவதைப் பாருங்கள். முன்பு சொன்ன 22% மிச்சம் திரவத்தின் எண்ணைக் குழப்பாதிருக்க, டிஆர் முடிவில் குறுக்குக் காந்தமாக்கலை நீங்களே பூஜ்யமாக்கிவிடுங்கள்.

இரண்டாவது, புள்ளி எண்ணிக்கையை இருமடங்காக்கி அதே சீக்வன்ஸை ஓட்டுங்கள். சிக்னல் 1%-க்கு மேல் மாறினால் முந்தைய எண்ணிக்கை போதவில்லை. பிறகு நேர இடைவெளியைப் பாதியாக்கி இதையே செய்யுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றக் கூடாது. ஒன்றின் பிழை மற்றொன்றின் பிழையை மறைத்துவிடும்.

மூன்றாவது, மையத்திலிருந்து மேலும் வலப்பக்கமும் தள்ளி ஒரே ஒரு ஒளிப் புள்ளி. மறுகட்டமைத்த படத்தில் அது வைத்த இடத்தில் இருக்கிறதா? கண்ணாடி பிம்பமாகப் புரண்டிருந்தால் கிரேடியன்ட்டின் குறி அல்லது ஃபூரியேயின் குறி தவறு. அரைப் பிக்ஸல் தள்ளி இருந்தால் கட்டத்தின் மையத்தை ஒரு பக்கம் வாக்சல் விளிம்பிலும் மறுபக்கம் வாக்சல் நடுவிலும் எண்ணியிருக்கிறீர்கள். முழு மூளைப் படத்தில் இந்த அரைப் பிக்ஸல் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வேறொரு படத்தோடு கழித்துப் பார்க்கும்போது விளிம்புகளெல்லாம் மின்னும்.

நான்காவது சோதனை அல்ல, ஒரு கட்டுப்பாடு. மாதிரி மூளையின் கட்டமும் படத்தின் கட்டமும் ஒன்றாக இருக்கக் கூடாது. 1 மி.மீ. மாதிரியிலிருந்து 1 மி.மீ. படம் எடுத்தால் விளிம்புகளில் கிப்ஸ் அலைகளே (விளிம்பையொட்டி வரும் போலிக் கோடுகள்) வராது; அலையின் பூஜ்யப் புள்ளிகள் சரியாகப் பிக்ஸல்களின் மேல் விழுந்து மறைந்துவிடும். நிஜத்தில் கூர்மையான விளிம்பில் சுமார் 9% மிகையேற்றம் உண்டு. மாதிரி குறைந்தது இருமடங்கு நுணுக்கமாகவும், விகிதம் முழு எண்ணாக இல்லாமலும் இருக்கட்டும், 0.5 மி.மீ. மாதிரியிலிருந்து 1.3 மி.மீ. படம் என்பதுபோல.

எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரு குறுக்குவெட்டுத் துண்டில் 40,000 புள்ளிகள், 256 வரிகள், வரிக்கு 256 தரவுப் பதிவுகளும் ஆர்எஃப்புக்கு 100 படிகளும். மொத்தம் சுமார் 91,000 படிகள், 364 கோடி சுழற்சிக் கணக்குகள். ஒரு சாதாரண ஜிபியுவுக்கு இது பொருட்டே அல்ல; மடிக்கணினியின் புராசஸரிலும் காத்திருந்தால் முடியும். இரு அச்சிலும் ஐந்தைந்தாகப் பிரித்தால் 25 மடங்கு. முப்பரிமாணத்துக்குப் போகும் முன் இந்தப் பெருக்கலைத் தாளில் போட்டுப் பாருங்கள். பல சமயம் ஒரே துண்டு, நிறையப் புள்ளிகள் என்பது முழு மூளை, கொஞ்சம் புள்ளிகள் என்பதைவிட நம்பகமான விடை தரும்.

நாளை நிஜ ஸ்கேனருக்குப் போகப் போகிறதா?

அப்படியென்றால் சீக்வன்ஸை எந்தச் சிமுலேட்டரின் சொந்த வடிவத்திலும் எழுதாதீர்கள். ஃப்ரைபர்க்கில் உருவான பல்செக் வடிவத்தில் எழுதுங்கள்; பைத்தானில் பைபல்செக். கோமாவும் எம்ஆர்-ஜீரோவும் அந்தக் கோப்பை நேராகப் படிக்கும். சீமென்ஸ், ஜிஇ, புரூக்கர் ஸ்கேனர்களிலும் அதை ஓட்டும் வழிகள் உள்ளன. மாறிக்கொண்டே இருக்கப்போவது சிமுலேட்டர், கோப்பு நிலைக்கும்.

சிமுலேட்டரில் ஓடிய கோப்பை ஸ்கேனர் திருப்பி அனுப்புவதற்கு வழக்கமான காரணங்கள் சில. கிரேடியன்ட் நேரங்கள் 10 மைக்ரோசெகண்டின் மடங்காக இல்லாதது முதலாவது. டிஇ-ஐப் பாதியாக்கும் இடத்தில் 5 மைக்ரோசெகண்ட் மிச்சம் விழுந்து இது நேரும். ஆர்எஃப் பல்ஸுக்கு முன்னும் பின்னும், தரவு பதியும் முன்னும் விட வேண்டிய வெற்று இடைவெளியை விடாதது அடுத்தது. எந்தச் சிமுலேட்டரும் அதைக் கேட்பதில்லை. கிரேடியன்ட் ஏறும் வேகத்தை உச்ச வரம்பிலேயே வைத்து எழுதியிருந்தால் நரம்புத் தூண்டல் கண்காணிப்பு நிறுத்திவிடும். பைபல்செக்கில் ஸ்கேனர் அமைப்பை வரையறுக்கும்போதே உங்கள் ஸ்கேனரின் உண்மையான வரம்புகளைக் கொடுத்து, ஏறும் வேகத்தை அதில் 70 முதல் 80%-க்குள் நிறுத்திக்கொண்டால் இந்த மூன்றில் பெரும்பகுதி கோப்பு எழுதும்போதே பிடிபட்டுவிடும். ஆர்எஃப் சூட்டின் அளவை மட்டும் ஸ்கேனர்தான் சொல்லும். மனிதரை உள்ளே படுக்கவைக்கும் முன் நீர்க்குடுவையை வைத்து முழு நேரத்துக்கும் ஒருமுறை ஓட்டுங்கள்.